மூடிய அறையில் கஞ்சாச் செடி: ஒளியும் இருளும் செலவும்

இமயமலையின் அடிவாரத்தில் சாலையோரங்களிலும், எருக்குவியல்களை அடுத்த தரிசுகளிலும், யாரும் விதைக்காமலும் நீர் பாய்ச்சாமலும் ஆளுயரம் வளர்ந்து நிற்கும் செடிகளுள் கஞ்சாவும் ஒன்று. வெயில், மழை, காற்று, இரவு ஆகிய நான்கையும் இயற்கை அதற்குக் கூலியின்றி அளிக்கிறது. அதே செடியைக் கனடா, ஜெர்மனி முதலிய நாடுகளில் சிலர் வீட்டின் உள்ளறையில், சன்னலை மறைத்து, மின்விளக்கின் கீழ் வளர்க்கின்றனர். வெளியில் இலவசமாய்க் கிடைத்த நான்கையும் அங்கே விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் உரிமமின்றிக் கஞ்சாச் செடி வளர்ப்பது தண்டனைக்குரிய குற்றம். எனினும் அறைக்குள் செடி வளர்க்கும் செய்தி மாணவர் காதுகளுக்கு எட்டாமல் இல்லை. இச்செடியைப் பற்றிய ஐயங்கள் களப்பணியாளரிடமும் வருகின்றன. ஒரு செடியை வானத்தின் அடியிலிருந்து பெயர்த்து மூடிய அறைக்குள் கொண்டுவந்தால் என்ன நேர்கிறது என்பதைத் தாவர விஞ்ஞானத்தின் துணைகொண்டு விளக்குவதும், சட்டத்தின் நிலையைக் கூறுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செடியின் இயல்பும் பெயர்க் குழப்பமும்

கஞ்சாவுக்குக் கன்னாபிஸ் சட்டைவா என்னும் தாவரப் பெயரை 1753-இல் லின்னேயஸ் வழங்கினார். இந்தியாவிலிருந்து கிடைத்த செடிகளைக் கண்ட லாமார்க், 1785-இல் அவற்றைக் கன்னாபிஸ் இண்டிகா எனத் தனி இனமாக விவரித்தார். சித்த மருத்துவ வழக்கில் இதற்குக் கோரக்கர் மூலி என்னும் பெயரும் உண்டு. பீர் தயாரிப்பில் பயன்படும் ஹாப் கொடி இதற்கு நெருங்கிய உறவாகும்.

இஃது ஓராண்டுச் செடி. ஆண் பூக்கள் ஒரு செடியிலும் பெண் பூக்கள் மற்றொரு செடியிலும் தோன்றுவதே பொது விதி. மகரந்தத்தைக் காற்றே சுமந்து செல்வதால் பூக்களுக்கு நிறமோ பெரிய இதழ்களோ தேவைப்படவில்லை. அவை சிறியனவாய்ப் பசுமையாகவே இருக்கும். பெண் பூங்கொத்தைப் பூதக்கண்ணாடியால் நோக்கினால் குண்டூசித் தலை போன்ற நுண்ணிய சுரப்பிகள் நெருங்கி நிற்பதைக் காணலாம். செடியின் பிசினும் போதைப்பொருளும் பெரும்பாலும் இச்சுரப்பிகளில்தான் உண்டாகின்றன.

பெயர் ஒற்றுமையால் நேரும் குழப்பத்தைக் களப்பணியாளர் முதலில் நீக்கிக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் 'ஹெம்ப்' என்பது கஞ்சாவின் நார்வகையைக் குறிக்கும். ஆனால் அதே சொல் வேறு நார்ப்பயிர்களின் பெயர்களிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'சன் ஹெம்ப்' எனப்படுவது பசுந்தாளுரமாக நாம் விதைக்கும் சணப்பையே. அஃது அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. 'டெக்கான் ஹெம்ப்' எனப்படுவது புளிச்சை. அது செம்பருத்தியின் இனம். சாக்குக்கு நார் தரும் சணல் இவை அனைத்திலிருந்தும் வேறானது. இவற்றுள் எதிலும் கஞ்சாவின் போதைப்பொருள் இல்லை.

எனினும் புளிச்சையின் விரல் விரிந்த இலை, கஞ்சா இலையை ஓரளவு ஒத்திருக்கும். அதன் தாவரப் பெயராகிய ஹைபிஸ்கஸ் கன்னாபினஸ் என்பதே இவ்வொற்றுமையைச் சுட்டுகிறது. மரவள்ளியின் இலையும் தொலைவிலிருந்து பார்ப்பவரை ஏமாற்றக்கூடும். இலையின் வடிவம் ஒன்றையே கொண்டு முடிவு கட்டினால் குற்றமற்ற உழவர்மீது பழி விழும். புளிச்சைக்கு அகன்ற, வெளிர்மஞ்சள் இதழும் கருஞ்சிவப்பு நடுவும் உள்ள பூ உண்டு. கஞ்சாவுக்கு அத்தகைய பூ இல்லை. அதன் இலை விளிம்பு இரம்பப் பல் போன்றிருக்கும். பெண் செடியைக் கசக்கினால் பிசுபிசுப்பும் கடுமையான மணமும் தோன்றும். ஐயம் தீராதவிடத்துத் தாவரவியலாரின் கருத்தைப் பெறுவதே முறை.

இரவை அளக்கும் செடி

செடி எப்பொழுது பூக்க வேண்டும் என்பதை எவ்வாறு அறிகிறது? இவ்வினாவுக்கு விடை தேடிய வரலாற்றில் கஞ்சாவுக்கே முக்கியமான இடம் உண்டு. 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாரிஸ் நகரில் ஜூலியன் டூர்ன்வா என்னும் ஆராய்ச்சியாளர், குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டில் விதைத்த கஞ்சாவும் ஜப்பானிய ஹாப்பும் மிகச் சிறிய பருவத்திலேயே பூத்துவிடுவதைக் கண்டார். நாள்தோறும் சில மணி நேரமே ஒளி படுமாறு செடிகளை மூடிவைத்துப் பரிசோதித்தபோதும் அவை விரைவில் பூத்தன. பகல் குறைவதைவிட இரவு நீள்வதே இதற்குக் காரணமாகலாம் என்று அவர் 1914-இல் எழுதினார். முதல் உலகப் போர் அவருடைய உயிரைக் கவர்ந்தமையால் ஆராய்ச்சி அத்துடன் நின்றது.

1920-இல் அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்டு ஆகிய இருவரும் புகையிலை, சோயா மொச்சை ஆகியவற்றில் செய்த பரிசோதனைகளை வெளியிட்டனர். பகலின் நீளத்தைக் கொண்டு செடிகள் பருவத்தை உணர்வதை அவர்கள் நிலைநாட்டி, அதற்கு ஒளிக்காலத்துவம் என்னும் பொருள்படும் பெயரைச் சூட்டினர். 1938-இல் ஹாம்னர், பானர் என்போர் மருளூமத்தைச் செடியைக் கொண்டு மேலும் ஓர் உண்மையைக் காட்டினர். நீண்ட இரவின் நடுவே சிறிது நேரம் விளக்கை ஏற்றினால் அச்செடி பூப்பதில்லை. பகலின் நடுவே சிறிது நேரம் இருட்டாக்கினாலோ யாதொரு மாறுதலும் இல்லை. செடி அளப்பது இரவைத்தான் என்று டூர்ன்வா ஊகித்தது இவ்வாறு உறுதியாயிற்று. இலையிலுள்ள பைட்டோகுரோம் என்னும் நிறமிப் பொருளே இந்த அளவைக்கு அடிப்படை என்பதை அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆராய்ச்சி நிலையத்தார் 1950-களில் வெளிப்படுத்தினர்.

கஞ்சாவின் பெரும்பாலான வகைகள் இரவு நீளும்போது பூப்பவை. பெர்லின் நகரில் ஜூன் மாதத்தில் பகல் ஏறத்தாழ 17 மணி நேரம். டிசம்பரில் எட்டு மணிக்கும் குறைவு. டில்லியில் ஜூனில் 14 மணிக்குச் சற்றுக் குறைவு. டிசம்பரில் 10 மணி 20 நிமிடம் அளவு. சென்னையிலோ இவ்வேறுபாடு ஒன்றரை மணி அளவே. ஓர் இடத்திற்குப் பழகிய விதையை வேறோர் அட்சரேகையில் விதைத்தால் பூக்கும் காலம் பிறழ்வதற்கு இதுவே காரணம். சம்பா நெல்லின் பழைய வகைகளிலும் இதே விதி செயற்படுகிறது. அவற்றை முன்கூட்டி விதைத்தாலும் கதிர் முன்கூட்டி வருவதில்லை. தெருவிளக்கின் அடியிலுள்ள பயிர் மட்டும் பூக்கத் தாமதிப்பதாக உழவர் கூறினால், களப்பணியாளர் அதை நோயெனக் கருதி மருந்து தெளிக்கச் சொல்லாமல், இரவில் விழும் ஒளியை முதலில் கவனிக்க வேண்டும்.

உணவுக்கு ஒளி, குறிப்புக்கு ஒளி

ஒளி செடிக்கு இருவகையில் பயன்படுகிறது. ஒன்று, கரியமில வாயுவையும் நீரையும் கொண்டு உணவு ஆக்குவதற்கு வேண்டிய ஆற்றல். மற்றொன்று, பருவம் இன்னதென்று அறிவிக்கும் குறிப்பு. இரண்டாவது வேலைக்கு மங்கிய ஒளியே போதும். முதல் வேலைக்குத் தேவைப்படும் ஒளியோ மிக அதிகம். இவ்விரண்டையும் பிரித்து உணராதவர் அறைக்குள் வளரும் செடியின் செலவைப் புரிந்துகொள்ள இயலாது.

நண்பகல் வெயிலின் ஒளி ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். நன்கு ஒளியூட்டப்பட்ட வகுப்பறையில் கிடைப்பது 300 முதல் 500 லக்ஸ் வரை. அதாவது, நமக்கு வெளிச்சமாகத் தோன்றும் அறை, வெயிலைவிட இருநூறு மடங்குக்கு மேல் இருண்டது. கண்மணி விரிந்தும் சுருங்கியும், விழித்திரை பழகிக்கொண்டும் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகின்றன. இலைக்கு அத்தகைய வசதி இல்லை. ஆகவே வெயிலில் வாழும் செடியை வீட்டு விளக்கின் அடியில் வைத்தால் தண்டு மெலிந்து நீண்டு, இலை வெளுத்து, நாளடைவில் நலிகிறது. அதைத் தழைக்கச் செய்ய நூற்றுக்கணக்கான வாட் திறனுள்ள விளக்கு நாள்தோறும் பல மணி நேரம் எரிய வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 600 வாட் விளக்கு ஒன்று நாளொன்றுக்கு 18 மணி நேரம் எரிந்தால் 10.8 யூனிட் மின்சாரம் செலவாகும். 75 வாட் மின்விசிறிகள் ஆறு, இரவும் பகலும் ஓயாது சுழன்றால் ஆகும் செலவும் இதுவே. முப்பது நாளில் விளக்கு மட்டும் 324 யூனிட்டை விழுங்கிவிடும்.

அறைக்குள் நேர்வது

விளக்கோடு செலவு முடிந்துவிடுவதில்லை. விளக்கில் ஏறும் மின்சாரம் அனைத்தும் இறுதியில் உஷ்ணமாகவே மாறுகிறது. சிறந்த எல்.இ.டி. விளக்கிலும் ஏறத்தாழ பாதியளவே ஒளியாகிறது. அவ்வொளியிலும் சில சதவீதமே செடியின் உடலில் உணவாகச் சேர்கிறது. 600 வாட் விளக்கு எரியும் சிற்றறையில் 600 வாட் கணப்பு எரிகிறது என்றே கொள்ளலாம். திறந்த வெளியில் காற்று அடித்துச் செல்லும் இவ்வெப்பத்தை அறையில் குளிர்சாதனம் வெளியேற்ற வேண்டும். அதற்கும் மின்சாரமே தேவை.

அடுத்தது நீர். வேர் உறிஞ்சும் நீரில் மிகப் பெரும்பகுதி இலைத்துளைகள் வழியே ஆவியாய் வெளியேறுகிறது. மூடிய அறையில் இந்த ஆவி தேங்கிச் சுவர்களில் வியர்க்கிறது. சாம்பல் நிறப் பூஞ்சணமும் இலையில் வெண்பொடி நோயும் பற்றுகின்றன. பூஞ்சண வித்துக்கள் நிறைந்த காற்றைச் சுவாசிப்பது இழைப்பு நோயாளருக்கும் குழந்தைகளுக்கும் தீங்கானது. ஈரத்தை உறிஞ்ச இன்னொரு கருவி வேண்டியதாகிறது.

மூன்றாவது காற்று. அடைத்த அறையில் செடிகள் கரியமில வாயுவை விரைவில் குறைத்துவிடுகின்றன. அதை ஈடுசெய்ய உருளைகளிலிருந்து அவ்வாயுவைச் செலுத்தும் வழக்கம் உண்டு. கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, நிறமற்றது, மணமற்றது. காற்றோட்டமில்லாத அறையில் அது மிகுந்தால் மனிதர் மயங்கி வீழ்ந்து உயிரிழக்கவும் கூடும். ஈரத்தின் அருகில் கனத்த மின்கருவிகளை வீட்டு மின்கம்பிகளில் இணைப்பதால் தீவிபத்தும் மின்தாக்குதலும் நேர்வதற்கு இடமுண்டு.

இவற்றின் மொத்தச் சுமையை ஆராய்ச்சியாளர் கணக்கிட்டுள்ளனர். அமெரிக்காவில் உள்ளரங்கக் கஞ்சா வளர்ப்பு நாட்டின் மொத்த மின்சாரத்தில் ஒரு சதவீதம் அளவைச் செலவிடுவதாக 2012-இல் ஈவான் மில்ஸ் மதிப்பிட்டார். 2021-இல் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டில் உள்ளரங்கத்தில் விளைந்த உலர்பூ ஒரு கிலோகிராமுக்கு, இடத்தைப் பொறுத்து 2,283 முதல் 5,184 கிலோகிராம் வரை கரியமில வாயுவுக்கு ஈடான வெளியேற்றம் நேர்கிறது. குளிரூட்டல், காற்றை மாற்றுதல், ஈரத்தைப் போக்குதல் ஆகியவையும் விளக்கொளியுமே இதில் பெரும்பங்கு வகிக்கின்றன. எருக்குவியலில் தானே முளைத்த செடி, அறைக்குள் வந்தவுடன் உலகின் மிகச் செலவுமிக்க பயிர்களுள் ஒன்றாகிவிடுகிறது.

பிசினின் வீரியம்

போதை தரும் முக்கியப் பொருளான டெட்ராஹைட்ரோகன்னாபினாலை 1964-இல் இஸ்ரேல் நாட்டின் காவுனி, மெக்கூலம் ஆகிய இருவர் தூய நிலையில் பிரித்து அதன் அமைப்பைக் கண்டறிந்தனர். சுருக்கமாக இது டி.எச்.சி. எனப்படும். பச்சைச் செடியில் இது பெரும்பாலும் அமில வடிவில் இருக்கிறது. சூடுபட்டபின்பே போதைப்பொருளாக மாறுகிறது.

மகரந்தம் சேராத பெண் பூங்கொத்தில் விதை உண்டாவதில்லை, பிசின் மிகுகிறது. இவ்வுண்மை இந்தியாவில் பழங்காலந்தொட்டே அறியப்பட்டது. 1893-இல் அமைக்கப்பட்டு 1894-இல் அறிக்கை அளித்த இந்தியக் கஞ்சா மருந்துகள் விசாரணைக் குழு, அக்கால வங்காளத்து நவுகாவ் பகுதியில் ஆண் செடிகளை அடையாளம் கண்டு பிடுங்குவதற்கென்றே தேர்ந்த ஆட்கள் அமர்த்தப்பட்டதை விவரித்துள்ளது. அப்பகுதி இன்று வங்காளதேசத்தில் உள்ளது.

வெளிக்காற்றின் மகரந்தம் நுழையாத அறையும், பிசினுக்கென்றே தேர்ந்தெடுத்த இனங்களும் சேர்ந்தபோது வீரியம் மேலும் உயர்ந்தது. அமெரிக்காவில் கைப்பற்றப்பட்ட கஞ்சாவில் டி.எச்.சி.யின் சராசரி 1995-இல் ஏறத்தாழ 4 சதவீதமாக இருந்து 2014-இல் ஏறத்தாழ 12 சதவீதமாயிற்று. 'முன்னோர் பாங்கு அருந்தினர். ஆகவே இது தீங்கற்றது' என்னும் வாதம் இதனால் பொருந்தாது. இலையில் அரைத்த பானமும், வீரியம் ஏற்றிய பிசின்பூவின் புகையும் ஒரே அளவான மருந்து அல்ல. வளரும் பருவத்து மூளைக்கு இப்பொருள் ஊறு செய்வதை ஆசிரியர்கள் வலியுறுத்திக் கூற வேண்டும். நினைவாற்றலும் கவனமும் குன்றுவதோடு, மரபால் மனநோய்க்கு இலக்காகக்கூடியவரிடம் அந்நோய் தோன்றும் வாய்ப்பும் மிகுகிறது.

சட்டம் கூறுவது

நாடுகளிடையே சட்டம் வேறுபடுகிறது. உருகுவே 2013-இல் இயற்றிய சட்டம் பதிவு செய்துகொண்ட வீட்டுக்கு ஆறு பெண் செடிகள் வரை அனுமதித்தது. கனடா 2018-இல் வீடொன்றுக்கு நான்கு செடிகளை அனுமதித்தது; ஆயினும் கியூபெக் மாகாணம் அதைத் தடை செய்தது; அத்தடை செல்லும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்தது. ஜெர்மனி 2024 ஏப்ரல் முதல் வயதுவந்தோருக்கு மூன்று செடிகளை அனுமதித்தது.

இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டமே இதனை ஆளுகிறது. அதன் 8-ஆம் பிரிவு கஞ்சாச் செடி பயிரிடுதலைத் தடுக்கிறது. 20-ஆம் பிரிவின்படி, மீறுவோருக்குப் பத்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். 'கஞ்சாச் செடி' என்பதற்கு அவ்வினத்தைச் சேர்ந்த எந்தச் செடியும் என்றே சட்டம் பொருள் கூறுகிறது. ஆகையால் நார்வகை என்று சொல்லியும், ஒரே ஒரு செடிதான் என்று சொல்லியும் தப்ப இயலாது.

விலக்கு இல்லாமலும் இல்லை. நாருக்காகவும் விதைக்காகவும் பயிரிட 14-ஆம் பிரிவின்கீழ் அரசு அனுமதி அளிக்கலாம். உத்தராகண்ட் மாநிலம் டி.எச்.சி. 0.3 சதவீதத்துக்கு மேற்படாத நார்வகைக்கு உரிமம் வழங்கும் முறையைத் தொடங்கியது. ஜம்முவில் உள்ள இந்திய ஒருங்கிணைந்த மருத்துவ நிறுவனம், உரிமம் பெற்று, காவலுக்குட்பட்ட நிலத்தில் மருத்துவ ஆராய்ச்சிக்காக இச்செடியை வளர்த்துள்ளது. போதையற்ற விதையையும் விதை எண்ணெயையும் உணவாகப் பயன்படுத்துவதற்கு 2021-இல் விதிமுறைகள் வகுக்கப்பட்டன. குமாவுன் மலைநாட்டில் இவ்விதையைத் துவையலாக அரைப்பது பழைய வழக்கம்.

களப்பணியாளர் சிறப்பாக அறிய வேண்டியது 47-ஆம் பிரிவு. சட்டவிரோதமாகக் கஞ்சா பயிரிடப்பட்டிருப்பது தமக்குத் தெரியவந்தால் அரசு அலுவலர் ஒவ்வொருவரும், கிராம அலுவலரும், காவல் துறைக்கோ உரிய அதிகாரிக்கோ உடனே அறிவிக்கக் கடமைப்பட்டவர். இக்கடமையின் கனத்தை நோக்கினால், புளிச்சையையும் கஞ்சாவையும் பிரித்தறியும் பயிற்சி எத்துணை இன்றியமையாதது என்பது விளங்கும். கண்டும் கூறாதிருத்தல் கடமை தவறுதல். தவறாகக் கண்டு கூறுதல் ஓர் உழவரின் வாழ்வைக் குலைத்தல்.

வகுப்பறையில் செய்யத்தக்கது

டூர்ன்வா கண்ட உண்மையை மாணவருக்குக் காட்டத் தடை செய்யப்பட்ட செடி தேவையில்லை. இரவு நீளும்போது பூக்கும் செவ்வந்தியே போதும். ஓசூர் வட்டாரத்தில் செவ்வந்தி பயிரிடுவோர் இரவில் வயலெங்கும் மின்விளக்குகளைத் தொங்கவிட்டுப் பூக்கும் காலத்தைத் தள்ளிப்போடுவது இவ்வுண்மையின் பயனேயாகும்.

ஒரே தாய்ச்செடியிலிருந்து எடுத்து வேரூன்றிய, மொட்டு விடாத இளங்கன்றுகள் நான்கைத் தொட்டிகளில் நட வேண்டும். பகலில் நான்கும் ஒரே வெயிலில் இருக்கட்டும். மாலையானதும் இரண்டை முற்றிலும் இருண்ட இடத்தில் வைக்க வேண்டும். மற்ற இரண்டின்மேல் 9 வாட் எல்.இ.டி. விளக்கொன்றை மாலை 6 மணி முதல் 11 மணி வரை எரியவிட வேண்டும். ஐந்தாறு வாரங்களில் இருளில் வைத்தவை மொட்டு விடுவதையும், விளக்கடியில் வைத்தவை இலையும் தண்டுமாகவே வளர்வதையும் மாணவர் தாமே குறித்துக்கொள்ளலாம். செவ்வந்தி வகைகளிடையே நாட்கணக்கு சற்று வேறுபடும்.

இப்பரிசோதனைக்கு முப்பது நாளில் ஆகும் மின்சாரம் ஒன்றரை யூனிட்டுக்கும் குறைவு. முன்னர்க் கண்ட 324 யூனிட்டை இதனோடு ஒப்பிட்டுக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால், குறிப்புக்கு வேண்டும் ஒளி எவ்வளவு, உணவுக்கு வேண்டும் ஒளி எவ்வளவு என்பது மாணவர் மனத்தில் பதியும். கதிரவன் நாள்தோறும் நம் வயல்கள்மீது பொழியும் ஒளிக்கு விலைச்சீட்டு எழுதினால் தொகை எவ்வளவாகும் என்பதையும் அவர்களே கணக்கிட்டு அறிவார்கள்.